முள்ளோடையில் வந்த பதில்

வேலைக்கான நேர்காணல் நடந்தது 22 நிமிடம். அதிலிருந்து எழுந்து நிற்க எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆனது. நேர்காணலுக்கு எப்படித் தயாராக வேண்டும் என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. முடிந்து வெளியே வந்த பிறகு என்ன செய்வது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். போன பணத்தையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். பத்து வருடமாகக் கணக்கு எழுதித்தான் சோறு சாப்பிடுகிறேன், என் கணக்கை மட்டும் மூடிவைத்தால் நன்றாக இருக்காது.

எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பம். பி.காம். முடித்துவிட்டு ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். முதலாளி நல்ல மனிதர், சம்பளம் ஏற்றுவதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தாராளமானவர். மாதம் 13,500 ரூபாய். புதுச்சேரியில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள், 21,000 வரை தருவார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். மே 12ஆம் தேதி வரச் சொன்னார்கள். கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். புதுச் சுடிதார் 1,450, செருப்பு 899, சான்றிதழ் நகல்களும் ஃபைலும் 75, பஸ் நிலையத்தில் இருந்து ஆட்டோ 180, ஒரு நாள் சம்பளப் பிடித்தம் 520. ஆக 3,124 ரூபாய். பஸ் டிக்கெட்டை நான் சேர்க்கவில்லை.

அன்று காலையில் செய்த முதல் தப்பு, சாப்பிடாமல் கிளம்பியது. அம்மா இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். தொண்டையில் இறங்கவில்லை. இரண்டாவது தப்பு, 10.30 மணி நேர்காணலுக்கு 8.20க்கே போய் நின்றது. தாமதமாகக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் முன்னால் போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. எதிரே இருந்த டீக்கடையில் வெறும் வயிற்றில் இரண்டு காபி குடித்தேன். ஏற்கெனவே படபடத்துக்கொண்டிருந்த நெஞ்சுக்கு அது விசிறி விட்டது மாதிரி ஆயிற்று. உள்ளே போய் உட்கார்ந்தால் பதினான்கு பேர். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். எம்.காம்., சி.ஏ. இன்டர் என்றாள். அந்த நிமிடமே வேலையை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். காத்திருக்கும் அறையில் அடுத்தவரின் படிப்பைக் கேட்காதீர்கள். ஊர் பெயரைக் கேளுங்கள், வெயிலைப் பற்றிப் பேசுங்கள், அது போதும்.

கை சில்லிட்டுப் போயிருந்தது. பிளாஸ்டிக் ஃபைல் உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டு, பக்கம் மாற்றும்போதெல்லாம் ‘பிசுக்’ என்று உரிந்து வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. வெளியே 38 டிகிரி இருக்கும் நாளில் கை ஏன் ஐஸ் மாதிரி ஆகிறது என்று பயந்து, அந்தப் பயத்தில் இன்னும் நடுங்கினேன். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆபத்து என்று மூளை நினைத்துவிட்டால் அட்ரினலின் சுரக்கிறது, ஓடவும் சண்டை போடவும் தேவையான பெரிய தசைகளுக்கு ரத்தம் திரும்புகிறது, கைவிரலுக்குக் குறைகிறது, எச்சில் வற்றுகிறது. உடம்பு தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். எனக்கு இப்போது உதவுவது ஒன்றே ஒன்று. நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுவது. வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்குகிறது. ஐந்தாறு முறை செய்தால் போதும், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். முதல் சில கேள்விகள் ஒழுங்காகத்தான் போயின. நடுவில் இருந்தவர் கேட்டார்: “நீங்கள் கடலூர்தானே? கடலூரில் இருந்து எங்களுக்குச் சரக்கு வருகிறது. பில்லில் என்ன ஜிஎஸ்டி இருக்க வேண்டும்?” நான் கொஞ்சமும் யோசிக்காமல், “சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி” என்றேன். அவர், “அப்படியா?” என்றார். காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

கணக்கு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி என்று வரி இரண்டாகப் பிரியும். மாநிலம் விட்டு மாநிலம் போனால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரி. சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசமான புதுச்சேரி, ஜிஎஸ்டி கணக்கில் தனி மாநிலம் மாதிரிதான். ஆகவே கடலூரில் இருந்து அரை மணி நேர தூரத்தில் இருந்தாலும் ஐஜிஎஸ்டிதான். எங்கள் கடையில் இருந்து புதுச்சேரிக்கு வாரம் இரண்டு லோடு போகிறது. அந்த பில்லைப் போடுகிறவளே நான்தான்! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். விழித்திருந்தபோது கேட்டுவிட்டார்கள்.

அந்த ‘அப்படியா’வில் மாட்டிக்கொண்டேன். ஏதோ தப்பு என்று தெரிகிறது, என்ன தப்பு என்று புரியவில்லை. அடுத்து வந்த நான்கைந்து கேள்விகளை நான் முழுதாகக் கேட்கவே இல்லை. கணக்கு எழுதும் மென்பொருளான டேலியைப் பற்றி ஏதோ கேட்டார்கள், “ஆமாம் சார்” என்றேன். அது ஆமாம், இல்லை என்று சொல்லும் கேள்வியே இல்லை என்பது அவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்தது. கடைசியில் “சொல்லி அனுப்புகிறோம்” என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் எல்லாம் போயின. முள்ளோடை எல்லையில் பஸ் மெதுவாகப் போனது. எதிரே கடலூரில் இருந்து மூட்டை ஏற்றிய ஒரு மினி லாரி. புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடம். “ஐஜிஎஸ்டி!” என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, “இறங்க வேண்டுமா பாப்பா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பெண்ணையாற்றுப் பாலம் வரும்போது அழத் தொடங்கியிருந்தேன். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பஸ் நின்றபோது முகத்தைத் துடைத்துக்கொண்டேன், வீட்டுக்குத் தெரியக் கூடாதே.

இப்போது நினைத்தால், அந்த அறையிலேயே செய்திருக்கக்கூடியவை இரண்டு. தப்பு என்று சந்தேகம் வந்த உடனே, “சார், முன்பு சொன்னதை ஒருமுறை யோசித்துத் திருத்திக்கொள்ளலாமா?” என்று கேட்டிருக்கலாம். அதற்காக யாரும் வெளியே அனுப்பிவிட மாட்டார்கள். தப்பைத் தானே பிடித்துத் திருத்துகிறவள்தான் கணக்குப் பிரிவுக்கு வேண்டும். அறையில் முடியாவிட்டால், அன்று மாலையே இரண்டு வரி மின்னஞ்சல் போட்டிருக்கலாம்: வாய்ப்புக்கு நன்றி, அந்தக் கேள்விக்குச் சரியான விடை இது. எனக்கு இது தோன்றியது ஐந்தாவது நாள். கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டேன். எட்டாவது நாள் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். இரண்டாவது விஷயம், “முடிவு எப்போது தெரியும்?” என்று கேட்காமல் எழுந்து வந்தது. ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்பதும், பெண் பார்த்துவிட்டு ‘ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்’ என்பதும் ஒரே குடும்பத்துச் சொற்கள். இரண்டையும் கேட்டவள் நான். இருந்தும் நம்பினேன். ஒரு தேதியைக் கேட்டு வாங்கியிருந்தால் அந்தத் தேதியோடு என் காத்திருப்பும் முடிந்திருக்கும்.

தேதி இல்லாததால் ஒவ்வொரு நாளும் அந்த நாளாகவே இருந்தது. காலையில் கண் விழித்ததும் கைபேசி. குப்பை அஞ்சல் பெட்டியைக்கூட விடவில்லை. புது எண்ணில் இருந்து அழைப்பு வந்தால் கடன் அட்டை விற்கும் பெண்ணிடம்கூடப் பயபக்தியோடு பேசினேன். இரவில் படுத்தால் அந்த 22 நிமிடம் ஓடும். ஒவ்வொரு இரவும் அவர் சொன்ன ‘அப்படியா’வின் குரல் கொஞ்சம் மாறும். முதல் வாரம் சாதாரணமாகக் கேட்டவர், இரண்டாவது வாரம் ஏளனமாகக் கேட்டார், மூன்றாவது வாரம் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். உண்மையில் அவர் சிரித்தாரா என்று இன்றைக்கு என்னால் சத்தியம் செய்ய முடியாது.

இதற்கு நான் கண்ட வழி, காலம் கடந்து கண்டதுதான், காகிதம். நேர்காணல் முடிந்த அன்றே என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன், சரியான விடை என்ன, அப்போது மனம் எப்படி இருந்தது என்று ஒரு தாளில் எழுதிவிடுவது. அடுத்த நேர்காணலுக்கு அதுவே கேள்வித்தாள் ஆகிவிடும். இரவில் மனம் புதிதாக ஜோடித்துச் சொல்லும்போது எடுத்துப் பார்க்கவும் ஒரு சாட்சி இருக்கும். மனதில் இருப்பதை எழுதுவது உதவுமா என்று வேலை இழந்தவர்களை வைத்து அமெரிக்காவில் ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 1994இல் வெளியான அந்த ஆய்வில், வேலை போனதைப் பற்றிய தங்கள் உணர்வுகளை எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிட விரைவாக வேறு வேலை கிடைத்திருந்தது. எனக்கு வேலை கிடைத்ததோ இல்லையோ, தூக்கம் வந்தது.

இனி சொல்ல வெட்கமாக இருக்கும் பகுதி. மூன்றாவது வாரம் ஓர் அழைப்பு. “மேடம், நீங்கள் அண்மையில் கலந்துகொண்ட நேர்காணல் தொடர்பாகப் பேசுகிறோம்” என்றான் ஒருவன். நான் மூச்சுவிடாமல், “மேட்டுப்பாளையம் கம்பெனிதானே சார்?” என்றேன். “ஆமாம் மேடம், அதேதான்.” அவன் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவே இல்லை. கேட்கும் முன்பே நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். என் பெயர் இறுதிப் பட்டியலில் இருக்கிறதாம், சான்றிதழ் சரிபார்ப்புக்கு 4,000 கட்ட வேண்டுமாம், முதல் மாதச் சம்பளத்தோடு திரும்பி வந்துவிடுமாம். எங்கள் கடையில் பில் இல்லாமல் ஐந்து ரூபாய் வெளியே போக விடாதவள் நான். பணம் போனது. அன்று மாலையில் இருந்தே அந்த எண் அணைந்து கிடந்தது.

என் விண்ணப்பமும் கைபேசி எண்ணும் வேலை தேடும் தளங்கள் நாலைந்தில் கிடக்கின்றன. நேர்காணலுக்குப் போய்விட்டுக் காத்திருப்பவர்கள் எந்த நாளிலும் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பொதுவாக ஒரு தூண்டில் போட்டால் மீன் தானே பெயர் சொல்லிக்கொண்டு வந்து கடிக்கும். வேலை கொடுக்கிறவர்கள் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. எனக்கு இது முன்பே தெரியும், தங்கைக்குப் புத்திகூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மூன்று வாரம் ஏங்கிப்போன மனதுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துவிடுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெட்கத்தில் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாள்தான் பெரிய நஷ்டம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிட்டால், போன பணம் அந்தக் கணக்கை விட்டு வெளியேறும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. நான் கூப்பிட்டபோது புகார் எண் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை.

இதற்கு நடுவில் கடலூரிலேயே ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டிருந்தார்கள். 16,500 சம்பளம். அடுத்த வாரம் வருகிறேன் என்று இழுத்தேன், புதுச்சேரி வேலைதான் வந்துவிட்டதே என்ற மிதப்பு. அடுத்த வாரம் நான் கூப்பிட்டபோது ஆள் எடுத்துவிட்டார்கள். மாதம் 3,000 ரூபாய் கூடுதல், வீட்டில் இருந்து சைக்கிளில் போகும் தூரம். ஒரு நேர்காணல் முடிந்த மறுநாளே அடுத்த விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும், வந்த வாய்ப்புக்கு முதலில் போய்விட்டு வந்து பிறகு யோசிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள நான் கட்டிய கட்டணம் இது.

38ஆவது நாள், ஜூன் 19, பொறுக்க முடியாமல் நானே அந்த நிறுவனத்துக்குக் கூப்பிட்டேன். வரவேற்பில் இருந்த பெண் கனிவாகத்தான் பேசினாள். “அந்த இடத்துக்கு ஆள் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறதே அக்கா” என்றாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நான் 4,000 ரூபாய் அனுப்பிய வாரம். திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் சன்னதியில் அம்மா எனக்காக விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, அந்த நாற்காலியில் யாரோ உட்கார்ந்து கணினிக்குக் கடவுச்சொல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பத்தாவது நாளே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் பாதித் துக்கம் மிச்சம். கூப்பிட்டுக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்கினேன். நினைப்பதற்கு அவர்களுக்கு என் முகமே நினைவிருந்திருக்காது.

மறுநாள் 20ஆம் தேதி. மாதாமாதம் ஜிஎஸ்டி 3பி என்ற வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக மறந்தேன். 22ஆம் தேதிதான் போட்டேன். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய் வீதம் 100 ரூபாய், வட்டி தனி. முதலாளி பணத்தைப் பற்றிப் பேசவில்லை, “உடம்பு சரியில்லையா அம்மா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமையை மறக்க மாட்டேன். அப்பா பண்ருட்டியில் இருந்து ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் வைத்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோணியை விரித்து, நல்லெண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கத்தியிலும் தடவி, பழத்தை நெடுக்கில் பிளந்தோம். பால் வெள்ளையாகக் கசிந்தது. நடுத்தண்டை அறுத்து எடுத்துவிட்டு, சடைக்குள் விரலை விட்டு ஒவ்வொரு சுளையாகப் பிரித்து, கொட்டையை எடுத்து ஒரு பக்கம், சுளையை ஒரு பக்கம் போட வேண்டும். எண்ணெய் காய்ந்தால் விரல்கள் ஒட்டிக்கொள்ளும், மறுபடி தடவ வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துக் கைபேசி அடித்தது. இரண்டு கையிலும் எண்ணெயும் பாலும். அடிக்கட்டும் என்று விட்டேன். 40 நாளில் முதல் முறையாக அதை எடுக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன், 163 சுளை. மனம் சரியில்லாத நாளில் தியானம் செய், நடைப்பயிற்சி போ என்கிறார்கள். எனக்குக் கடலூர் சில்வர் பீச்சில் நடந்தபோதும் பையில் கைபேசி இருந்தது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தேன். கை இரண்டும் அழுக்காகும் வேலையாகத் தேடுங்கள்.

உறவினர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நேர்காணலுக்குப் போகும்போது தெரு முழுக்கத் தெரியும், அம்மாவின் உபயம். அதனால் வராத வேலையைப் பற்றி ஒன்பது பேருக்கு ஒன்பது முறை விளக்கம் சொன்னேன். இப்போதெல்லாம் இரண்டு பேருக்கு மட்டும்தான் சொல்கிறேன், அதில் அம்மா இல்லை.

ஜூலையில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். மாலையில் பெத்தாங்க் என்ற பிரெஞ்சுக் குண்டு விளையாட்டுக்குப் போகும் முன், திண்ணையில் உட்கார்ந்து இரும்புக் குண்டுகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை என் முள்ளோடைக் கதையைச் சிரித்துக்கொண்டே அவரிடம் போட்டு உடைத்துவிட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்து, “இதற்கு பிரெஞ்சில் ஒரு பேரே இருக்கிறது” என்றார். எஸ்ப்ரி த லெஸ்கலியே, மாடிப்படி புத்தி. 18ஆம் நூற்றாண்டில் திதரோ என்ற அறிஞர் ஒரு விருந்தில் யாரோ சொன்னதற்குப் பதில் தெரியாமல் விழித்தாராம். படி இறங்கி அடிக்குப் போனால்தான் புத்தி திரும்பி வரும் என்று எழுதிவைத்தாராம். “அவருக்குப் படிக்கட்டு, உனக்கு முள்ளோடை” என்று சொல்லிவிட்டுத் தாத்தா குண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவ்வளவு பெரிய ஆளுக்கே நடந்திருக்கிறது, அதற்கு ஒரு பேர் வைக்கும் அளவுக்குப் பலருக்கும் நடந்திருக்கிறது என்று தெரிந்ததும், நெஞ்சில் இருந்து ஏதோ ஒன்று இறங்கினாற்போல இருந்தது. அன்றிரவு ‘அப்படியா’ வரவில்லை.

போன வாரம் இன்னொரு நேர்காணல், இந்த முறை கடலூரிலேயே. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, கால் மணி நேரம் முன்னால் போனேன். அதே 899 ரூபாய்ச் செருப்புதான், இன்னும் கடிக்கிறது. தேய்மானம் பற்றிய ஒரு கேள்விக்குத் தப்பாகச் சொன்னேன். இரண்டு கேள்வி தள்ளி, திருத்திக்கொள்கிறேன் என்று சொல்லித் திருத்தினேன். எழுந்திருக்கும் முன் முடிவு எப்போது தெரியும் என்று கேட்டேன். வரும் வெள்ளிக்கிழமை என்றார்கள். நாள்காட்டியில் குறித்துவைத்திருக்கிறேன். மறுநாளே வேறு இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. வெள்ளி வரை கைபேசியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று எழுத ஆசைதான். இன்று காலையில் இருந்து நான்கு முறை பார்த்திருக்கிறேன். மே மாதத்தில் இந்நேரத்துக்கு நாற்பது முறை இருக்கும்.